‘கேஸ்’ எனும் பல்பொருள் ஒருசொல்: ஓர் ஆய்வு

திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகளில் பதினோராம் தொகுதி, ஒரு சொல் பல பொருள் தரும் பெயர்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டது. சூடாமணியை இயற்றிய மண்டல புருடர் ஒரு படி மேலே போய் அதை எதுகைப்படி அடுக்கி, நெட்டுருப் போடுவோர் வயிற்றில் பால் வார்த்தார். அவர் காலத்தில் சிலிண்டரும் இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை. ஆகவே சகர எதுகையில் காசுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய ‘கேசு’ விடுபட்டுப் போயிற்று. அந்த இடத்தை நிரப்பவே இவ்வாய்வு.

முதலில் குலம் கோத்திரம். வழக்கையும் நோயாளியையும் குறிக்கும் கேஸ், ‘விழுதல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘காசுஸ்’ வழி வந்தது. சூட்கேஸில் இருக்கும் கேஸுக்குத் தாய் ‘காப்சா’ என்னும் பெட்டி. இவ்விரண்டையும் ஒன்றாக்கியது ஆங்கிலம். அந்தப் பழி நம் தலையில் இல்லை. அடுப்பில் எரிவதோ, 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பிளெமிஷ் அறிஞர் கிரேக்கக் ‘கேயாஸை’ மனத்தில் வைத்துப் படைத்த புதுச்சொல். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், மேற்படி காப்சாவின் பேத்தி. ஷகரம் ஒவ்வாத வாய்களில் அதுவும் கேஸ்தான்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. கம்பெனி ஆட்சிக்காலச் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அந்த நாணயக் கேஷ், நம் காசு போர்ச்சுகீசியர் வாயில் நுழைந்து ஆங்கிலத்தில் கரையேறிய வடிவம். கல்லாப்பெட்டிக் கேஷுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே, இரத்த சம்பந்தம் கிடையாது. இதைச் சொன்னால் வருத்தப்படும் தமிழன்பர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் சொல்லாமல் விடுவது நலம்.

இத்தனை பேரும் தமிழில் ஒரே திண்ணைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ககரம். வல்லோசை, மெல்லோசை எதுவானாலும் எழுத்து ஒன்றே. பேச்சில் பலர் வேறுபடுத்துவார்கள். பெரியவர்கள் பலர் அந்த வம்புக்கே போவதில்லை.

பொருளைப் பிரித்தறிவது எப்படி? தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். பல்பொருள் ஒருசொல் இருவகை. கூட வரும் வினையால் பொருள் தெளிவது ஒன்று; ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. வினை வந்தும் தெளியாதது மற்றொன்று. அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் தீர வேண்டும். ‘கேஸ் லீக் ஆகுது’ முதல் வகை. ‘கேஸ் ஜெயிச்சிட்டோம்’ என்பதும் அப்படியே. ஆனால் ‘கேஸ் புக் பண்ணியாச்சு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்லும்போது, வரப்போவது 14.2 கிலோ சிலிண்டரா, சம்மனா என்று சுவருக்கு இந்தப்பக்கம் இருப்பவர் தவித்துப் போகிறார்.

‘பிடித்தல்’ என்னும் வினை இன்னும் மோசம். ஹெல்மெட் போடாதவரை நிறுத்தும் போலீஸ்காரர் கேஸ் பிடிக்கிறார். கோர்ட் வாசலில் ஜூனியர் வக்கீல் கேஸ் பிடிக்கிறார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் மார்ச் மாதத்தில் ஓடியோடிக் கேஸ் பிடிக்கிறார். நேற்று ராத்திரி உருளைக்கிழங்கு போண்டா தின்ற மாமாவையோ, முதுகில் கேஸ் தானே வந்து பிடித்துக்கொள்கிறது. முதல் மூவரும் எழுவாய், மாமா செயப்படுபொருள் என்பது நுண்ணிய வேறுபாடு.

‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்ற தொடரில் மெய்ப்பாடே இடத்துக்கு இடம் மாறும். கோர்ட்டில் பதினைந்து வருஷம் வாய்தா வாங்கியவருக்கு அது உவகை. சமையலறையில் அது அழுகை: சாம்பார் பாதிக் கொதியில் நிற்க, நீலச் சுடர் ‘புஸ்’ஸென்று ஒடுங்க, இல்லத்தரசர் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கப் போட்டு உலுக்கி, ஒரு அப்பளமாவது பொரிந்துவிடாதா என்று பார்க்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வார்டு பாய் இதே தொடரைச் சொன்னால், யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மனிதரைக் குறிக்கும்போது ‘கேஸ்’ நெடில்தொடர்க் குற்றியலுகரமாகி ‘கேசு’ ஆகும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ‘தேறாத கேசு’, ‘லூசு கேசு’, ‘அது ஒரு மாதிரி கேசு’. ஆஸ்பத்திரியில் பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்ட நோயாளியிலிருந்து, கணக்கில் பெயிலான பையன் வரைக்கும் ‘தேறாத’ இறங்கி வந்திருக்கிறது. ஆபீஸ் கோப்பில் இந்த உகரம் ஏறாது. கோப்பைப் பற்றிக் கேன்டீனில் பேசும்போது உடனே ஏறிக்கொள்ளும்.

‘பெட்டி கேஸ்’ பற்றி அறிஞரிடையே பூசல் உண்டு. சில்லறைக் குற்றம் என்பது போலீஸ் உரை. பெட்டி தமிழ், கேஸும் பெட்டி, எனவே ஒருபொருட் பன்மொழி என்பார் ஒரு சாரார். அவர்கள் ஃபைன் கட்டியவர்கள் அல்லர் என்பது தெளிவு.

கல்யாண ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸைக் ‘கேஸ் லைட்டு’ என்றது கிராமம். உள்ளே ஊற்றுவது மண்ணெண்ணெய்தானே என்று கேட்பவர்களுக்கு: அழுத்தத்தில் அது ஆவியாகித்தான் மேன்டிலில் எரிகிறது, ஆகவே கிராமம் சொன்னது சரி.

எஞ்சியது ஒரு புணர்ச்சி விதி. கசிவு தெரியவென்று சேர்க்கும் மெர்காப்டனின் நாற்றம் மூக்கில் ஏற, அடுப்படியிலிருந்து ‘கேஸ்! கேஸ்!’ என்று அலறினால் அது அச்சத்தில் வந்த அடுக்குத்தொடர். வீட்டுச் சிலிண்டரை டீக்கடையில் மாட்டிப் பிடிபட்டவரைப் பற்றி ஏட்டு ‘அது கேஸ் கேஸ் சார்’ என்றால் வேற்றுமைத்தொகை. சிலிண்டரைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்து, அதுவும் அங்கே கசியத் தொடங்கினால் என்ன தொடர் என்பதை இலக்கணிகள் ஓடிக்கொண்டேதான் முடிவு செய்ய வேண்டும்.