எட்டடி நெருப்புக்கோழி

“ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்” என்று நாம் சொல்லிச் சிரிக்கிறோமே, அதைக் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் அச்சடித்து வருடாவருடம் வெளியிட்ட காலம் ஒன்று இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ஆண்டறிக்கை அப்படித்தான் இருக்கும். இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை ஆபரேஷன், இத்தனை பேர் குணமாகிப் போனார்கள். குணம் என்றால்? வாசல்வரை உயிரோடு போனார் என்று அர்த்தம். வாசலைத் தாண்டியபின் வயிற்றுத் தையல் விட்டுக் குடல் பிதுங்கியதா, உள்ளே சீழ் கட்டியதா, குடலோடு குடல் ஒட்டி அடைத்துக்கொண்டதா, எந்த வலிக்காக வயிற்றைக் கிழித்தார்களோ அதே வலி ஆறு மாதத்தில் திரும்பி வந்ததா? அதெல்லாம் அவர் வீட்டு விஷயம். ஆஸ்பத்திரி அடுத்தவர் குடும்பத்தில் தலையிடாது.

இந்த ஏற்பாடு சர்ஜன்களுக்கு ரொம்பவும் சௌகரியம். 1846-இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுத்துக் காட்டினார்கள். 1867-இல் லிஸ்டர் என்ற சர்ஜன் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தோடு வந்து சேர்ந்தார். அதுவரை வயிற்றைத் திறக்க நடுங்கிக் கிடந்தவர்கள், அடுத்த முப்பது நாற்பது வருடத்தில் அதற்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். குடல்வால், பித்தப்பை, இரைப்பை, கருப்பை என்று வரிசையாக எடுத்தார்கள். எடுத்ததில் எத்தனை எடுக்கவேண்டியது என்று கேட்பாரில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார். அவர் வெளியாள் இல்லை, பந்தியில் உட்கார்ந்திருந்தவர் என்பதுதான் கூத்து.

எர்னஸ்ட் அமோரி காட்மன், 1869-இல் பாஸ்டனில் பிறந்தவர். பழம்பெரும் குடும்பம், ஹார்வர்ட் படிப்பு, அதே மாசசூசெட்ஸ் ஜெனரலில் உத்தியோகம், பவுடிச் என்ற இன்னொரு பெரிய வீட்டில் பெண் எடுத்தவர். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் வரிசைப்படி மேலே போய், செத்தபின் எண்ணெய் வண்ணப் படமாகச் சுவரில் தொங்கியிருக்கலாம். கணக்கு எழுதும் வியாதிதான் மனிதரைக் கெடுத்தது.

மாணவப் பருவத்திலேயே அறிகுறி தெரிந்துவிட்டது. அப்போது ஈதர் கொடுக்கும் வேலை மாணவர்கள் தலையில்தான் விடியும். பயிற்சி என்று எதுவும் கிடையாது. கூப்பிட்டால் போய்க் கொடுக்கவேண்டியதுதான். காட்மனின் வகுப்புத்தோழர் ஹார்வி குஷிங், பின்னாளில் மூளை அறுவையின் தந்தை என்று பெயர் வாங்கியவர், குடலிறக்கம் நெரிந்துபோய் வந்த ஒரு நோயாளிக்கு அப்படித்தான் ஈதர் கொடுத்தார். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நோயாளி இறந்துபோனார். டாக்டர் படிப்பே வேண்டாம் என்று பையன் இடிந்துபோயிருக்க, இதெல்லாம் அடிக்கடி நடப்பதுதான், மறந்துவிடு தம்பி என்கிற பாணியில் சர்ஜன் ஆறுதல் சொன்னாராம். குஷிங்குக்கு ஆறுதல் ஒட்டவில்லை. இரண்டு நண்பர்களும் பந்தயம் கட்டினார்கள்: யார் கொடுக்கும் ஈதரில் நோயாளி வாந்தியெடுக்காமல், கூப்பிட்டால் பதில் சொல்லும் தெளிவோடு வார்டுக்குத் திரும்புகிறாரோ அவர் ஜெயித்தார், தோற்றவர் செலவில் ராத்திரிச் சாப்பாடு. பந்தயமென்றால் கணக்கு வேண்டுமே. 1894-இல் நாடியையும் மூச்சையும் தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். இன்று ஆபரேஷன் தியேட்டர்களில் எழுதப்படும் மயக்க மருந்துப் பதிவேட்டின் பூர்வீகம் அந்த ஓசிச் சாப்பாடுதான்.

சர்ஜனானதும் வியாதி முற்றியது. காட்மன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டார். என்ன தொந்தரவு என்று வந்தார், அறுப்பதற்கு முன் என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், செய்தபின் என்ன சிக்கல் வந்தது, வீட்டுக்குப் போகும்போது என்ன நோய் என்று முடிவானது. அட்டையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருக்கும். ஒரு வருடம் கழித்து ஆளைத் தேடிப்பிடித்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு அதை நிரப்பவேண்டும். ‘இறுதி விளைவு’ முறை என்று இதற்குப் பெயர் வைத்தார். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! இந்தச் சாது அட்டையைக் கண்டுதான் பாஸ்டனின் பெரிய சர்ஜன்கள் ஓடி ஒளிந்தார்கள்.

யாரும் சேரவில்லை என்றதும் 1911-இல் சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி திறந்தார். அங்கே விளைவு சரியில்லை என்றால் காரணத்தை வகைபிரித்து எழுதவேண்டும். திறமை போதாததா, தீர்மானம் தப்பியதா, கவனமோ கருவியோ குறைந்ததா, நோயையே தப்பாகக் கண்டுபிடித்தோமா என்று டாக்டர் பக்கம் நான்கு கட்டம். நோயாளியின் உடம்பு, நோயாளியின் பிடிவாதம் இதெல்லாம் அதற்கப்புறம்தான். யார் தலையிலும் போடமுடியாததற்கு ‘விபரீதம்’ என்று தனியாக ஒன்று. உலகத்தில் மற்ற எல்லா சர்ஜன்களும் இந்தக் கடைசிக் கட்டம் ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

1916 வரை 337 நோயாளிகள், 123 பிழைகள். எண்ணியவரும் அவரே, காசு கொடுத்து அச்சடித்தவரும் அவரே. ஒரு பித்தப்பை ஆபரேஷனில் பித்தக் குழாயையே கட்டிவிட்டதை, நோயாளி இறந்து உடலைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டதை, இது என் கைத்திறனின் மட்டமான பிழை, செய்தேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை என்று பச்சையாக எழுதினார். சக டாக்டர்களுக்கு வயிற்றைக் கலக்கியது காட்மனின் பிழை அல்ல. இந்தப் பழக்கம் தங்களையும் தொற்றிவிடுமோ என்கிற பயம்.

இதற்கிடையே 1914-இல், கூடவே பார்த்துவந்த மாசசூசெட்ஸ் ஜெனரல் வேலையை உதறினார். திறமையைப் பார்க்காமல் வயசைப் பார்த்துப் பதவி கொடுக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. அதோடு நின்றாரா? என்னைத் தலைமை சர்ஜனாக நியமியுங்கள், என் நோயாளிகளின் விளைவுகள் மற்றவர்களுடையதைவிட மேல் என்று கையோடு ஒரு விண்ணப்பமும் போட்டார். மறுக்கவேண்டுமானால் மற்றவர்கள் தங்கள் கணக்கைக் காட்டவேண்டும். கணக்கு ஏது?

உச்சக்கட்டம் 1915 ஜனவரி 6. உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் அறுவைப் பிரிவுக்கு அப்போது காட்மன்தான் தலைவர். ஆஸ்பத்திரிகளின் செயல்திறன் பற்றிக் கூட்டம் போட்டார். பேச்சாளர்களில் ஒருவர் ஃபிராங்க் கில்பிரெத்: கொத்தனார் ஒரு செங்கல் வைக்க எத்தனை அசைவு என்று எண்ணிப் பேர் வாங்கியவர். இன்னொருவர் மேயர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி. இவர் வேறொருவருக்காக அரசு வேலைத் தேர்வை எழுதிக்கொடுத்து மாட்டி, 1904-இல் சிறைக்குப் போய்வந்த புண்ணியவான். இருந்த சிறை மாசசூசெட்ஸ் ஜெனரலுக்குப் பக்கத்துக் கட்டடம். நேர்மையைக் கேட்ட கூட்டத்தில் பேச இவரைக் கூப்பிட்டதை காட்மனின் குறும்பில் சேர்ப்பதா, அப்பாவித்தனத்தில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

எல்லாரும் பேசி முடித்ததும் காட்மன் எழுந்து ஒரு படத்தை விரித்தார். எட்டடிக் கார்ட்டூன். நடுவில் பெரிய நெருப்புக்கோழி, தலை மணலுக்குள். அதுதான் பேக் பே, அதாவது பாஸ்டனின் பணக்காரப் பேட்டை. பின்பக்கம் அது பொன்முட்டைகளை உதைத்துத் தள்ள, ஹார்வர்ட் மருத்துவப் பேராசிரியர்கள் பொறுக்கிக்கொள்கிறார்கள். ஆற்றங்கரையில் ஹார்வர்டின் தலைவர் லோவெல் நின்று, உண்மை வெளிவந்தால் நம் வாத்தியார்கள் பிழைப்பு என்னாவது என்று யோசிக்கிறார். ஆஸ்பத்திரி அறங்காவலர்களுக்கோ வேறு கவலை: நம் நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துவிட்டால் கோழி முட்டையிடுமா? ஒருவரைக்கூட விட்டுவைக்கவில்லை.

சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். தலைவர் பதவி போயிற்று, ஹார்வர்டில் பாடம் நடத்தும் வேலையும் போயிற்று. நோயாளிகளை அனுப்பிவைக்கும் டாக்டர்கள் நிறுத்திக்கொண்டதால் வருமானமும் படுத்தது. படத்தில் பிழை இருப்பதாக மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவருடைய யோசனையை 1913-இல் தொடங்கிய அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி என்ற சங்கம் கொஞ்சம் நீர்க்கவைத்து எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் கழித்துக் கேட்பதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் ஆஸ்பத்திரியில் ஒழுங்கான நோய்க்குறிப்பாவது இருக்கிறதா என்று பார்ப்போம் என்று இறங்கினார்கள். நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்தார்கள். தேறியவை 89. தேறாத பட்டியலில் நாட்டின் பேர்போன ஆஸ்பத்திரிகள் பல. 1919-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடிய பெரியவர்கள், பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்குமுன் பட்டியலை ராவோடு ராவாக ஹோட்டல் உலைக்குள் போட்டு எரித்தார்கள். அறுவைக் கத்தியைக் கொதிக்கவைத்தே கிருமியைக் கொல்லலாம் என்று கற்றுக்கொண்ட கூட்டம், எண்களுக்கும் அதே வைத்தியம் பார்த்தது.

காட்மன் 1940-இல் இறந்தார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஊர் மாறியது. அவர் பெயரில் விருது வந்தது, மாசசூசெட்ஸ் ஜெனரலிலேயே அவர் பெயரில் அறுவை விளைவுகளை எண்ணும் மையம் வந்தது. 2014-இல் சர்ஜன்கள் எல்லாம் சேர்ந்து கல்லும் நாட்டினார்கள். ஒரு வருடத்தில் ஆளைத் தேடிப்பிடி என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவரைத் தேடிப்பிடிக்க 74 வருடம். அட்டையில் இதைக் கவனக் குறைவு என்று போடலாமா, திறமைக் குறைவு என்றா? ‘விபரீதம்’ என்று போட மட்டும் மனிதர் சம்மதித்திருக்க மாட்டார்.