கண்ணாடிக்குச் சுழி பார்க்கிறவர்

மாடு வாங்கப் போகிறவரோடு சுழி பார்க்க ஒருத்தர் கூடப் போவது யாழ்ப்பாணத்து வழக்கம். கமராவுக்கும் அப்படி ஒருத்தர் இருக்கிறார். பெரும்பாலும் இளைப்பாறிய பௌதிகவியல் மாஸ்ரர். சட்டைப் பையில் நகைவேலைக்காரர் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி ஒன்று, பேனை ரோர்ச் ஒன்று. 90களில் பொருளாதாரத் தடைக்குள் பற்றரிக்கு அலைந்தவர் என்பதால் ரோர்ச்சை வீணாக எரிக்கமாட்டார்.

மூடிப்போன ஸ்ரூடியோ ஒன்றின் பின்னறையில் மரக் கமரா கிடக்கிறதாம் என்று காற்றுவாக்கில் கேட்டாலே போதும், சைக்கிளை எடுத்துவிடுவார். 6½ அங்குலத்துக்கு 4¾ அங்குலக் கண்ணாடித் தட்டில், கறுப்புத் துணியைத் தலைக்கு மேலே போர்த்துக்கொண்டு எடுக்கிற சாதனம். பெட்டியை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. கறையான் தின்னட்டும். லென்ஸ்தான் வேண்டும்.

“தம்பி, உதை எங்கை எடுத்தனீர்?”

“அப்பாவின்ரை, மாஸ்ரர். ஜெர்மன் சாமான். டெஸ்ஸார்.”

“எழுதியிருக்கிறதெல்லாம் உண்மையே?”

ரியூப் லைற்றுக்குக் கீழே லென்ஸைச் சரித்துப் பிடித்து உதட்டுக்குள் எண்ணத் தொடங்குவார். 1902இல் ஜெனா நகரத்து சைஸ் கம்பனிக்காக பவுல் ருடோல்ஃப் வகுத்த டெஸ்ஸாரில் கண்ணாடி நாலு. அதில் இரண்டு ஒட்டியவை. ஆகவே காற்றுப் படும் முகங்கள் ஆறு. லைற்றின் பிம்பம் ஆறு பளிச்சென்றும், ஒட்டிய இடத்தில் ஏழாவது மங்கலாகவும் தெரியவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் வேறு வகை லென்ஸின் பின்பாதியைப் பூட்டிவைத்திருந்தால் கணக்கு உதைக்கும். பிறகு ஷட்டரை ஒரு செக்கனில் வைத்து அமத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். ‘கிர்ர்’ என்று ஒரே ஓட்டமாக ஓடி நிற்கவேண்டும். இடையில் தயங்கினால் உள்ளே பழைய எண்ணெய் இறுகிவிட்டது. இந்த வித்தையில் அவரை யாரும் வெல்ல முடியாது, அதை மரியாதையோடுதான் சொல்கிறேன்.

வித்தை முடிந்ததும் நாடகம். ரோர்ச் எரியும்.

“ச்சிக்... குமிழி கிடக்குது.” இடைவெளி. “முன்கண்ணாடியில கீறல்.” பெருமூச்சு. “ஓரத்துக் கறுப்பும் உரியுது தம்பி.”

தம்பியின் முகம் செத்துவிடும். இந்த மூன்றும் படத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. மாஸ்ரருக்கு நன்றாகத் தெரியும். உண்மையில் கெடுப்பது உள்ளே படிந்த பால்போன்ற புகார், பின்கண்ணாடிக் கீறல், கண்ணாடியையே அரித்துவிட்ட பூஞ்சணம். அவற்றைக் கண்டால் அவர் வாயே திறப்பதில்லை. “நல்ல சாமான், பத்திரமா வைச்சிரும்” என்று முதுகில் தட்டிவிட்டு எழும்பினாரென்றால் அந்த லென்ஸுக்குக் காரியம் முடிந்தது.

ஒட்டு விட்டிருந்தால் மட்டும் ஒரு பிரசங்கம் உண்டு. அந்தக் காலத்தில் கண்ணாடிகளை ஒட்டியது கனடாக் காட்டு மரமொன்றின் பிசினால். “எங்கடை சனம் கனடாவுக்குப் போக முதலே அங்கத்தைப் பிசின் இஞ்சை வந்திட்டுது. இப்ப பாரும், அதுவும் விட்டிட்டுப் போகப் பாக்குது.”

தம்பி கைபேசியில் டொலர் விலையைக் காட்டுவான்.

“உது வெள்ளைக்காரன்ரை விலை. அவன்ரை குளிருக்கு உது கிடக்கும். எங்கடை மார்கழி மழைக்கும் உப்புக் காத்துக்கும் எத்தினை நாளைக்கு?”

கடைசியில் ஏதோ பரிதாபப்பட்டு வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வருவார்.

வீட்டில் அதற்கு ராசமரியாதை. வெளிநாட்டுச் சொந்தங்கள் சப்பாத்துக் கொண்டுவந்தால், பெட்டிக்குள் கிடக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை முதலில் வாங்கிக்கொள்வார். அவை லென்ஸ் அலுமாரிக்கு. கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒருமுறை கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டான்.

“மாமா, குமிழி கிடக்குது.”

“குமிழி இல்லாட்டில் அது ஜெனாக் கண்ணாடியே? கம்பனிக்காரரே விலைப்பட்டியலில எழுதி வைச்சவங்கள், அதாலை படத்துக்கு ஒரு பழுதும் இல்லையெண்டு.”

“நீலமாயும் ஏதோ படிஞ்சிருக்கு.”

“அது வயசின்ரை அழகு. இங்கிலீசுக்காரன் டெனிஸ் டெய்லர், அதுதான் குக் டிரிப்லெற் லென்ஸ் வகுத்த ஆள், 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிச்சவன்: உப்பிடி மங்கின லென்ஸுக்குள்ளாலை வெளிச்சம் கூடத்தான் போகும்.”

இரண்டும் உண்மை என்பதுதான் இதில் அநியாயம்.

“இதாலை படம் எடுக்கிறேல்லையோ?”

பெரிய பிலிமுக்கு இங்கே எங்கே போவது என்றார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே பிலிம் கேட்டுப் பார்த்தாராம். இப்போது எல்லாம் கொம்பியூட்டர். மருமகன் லென்ஸை இன்னொருமுறை திருப்பிப் பார்த்து, விற்பதென்றால் என்ன விலை என்று கேட்டான்.

மாஸ்ரர் கைபேசியை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“கனடா டொலரிலையோ, அமெரிக்க டொலரிலையோ?”