அரை அங்குலக் கனவான்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில், டி.பி. ரோட்டுக் கடைகள் கண் விழிப்பதற்கு முன்னால், கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில், வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அதன்மேல் ஏறி அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, இரு கரங்களையும் ஆகாயத்தில் நீட்டி, அவை எந்த ஸ்தானத்தில் தாமாக வந்து நிற்கின்றனவோ அந்த ஸ்தானத்தில்தான் கைப்பிடி இருந்தாக வேண்டும் என்று தியானம் செய்கிற ஒரு கனவானை நீங்கள் காண நேர்ந்தால், அவரை யோகி என்றோ, வைத்தியரிடம் காட்ட வேண்டியவர் என்றோ அவசரப்பட்டுத் தீர்மானித்துவிட வேண்டாம். அவர் ஹேண்டில் அட்ஜஸ்ட் செய்துகொண்டிருக்கிறார். சென்ற ஞாயிறும் செய்தார். வருகிற ஞாயிறும் செய்வார்.

வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். நூல் வியாபாரமோ, பம்புசெட்டு ஏஜென்சியோ, எதுவானாலும் வாரத்தின் ஆறு நாட்கள் அது ஒழுங்காக நடக்கிறது. தகப்பனார் வாங்கி வைத்துப் போன புல்லட் ஒன்று இருக்கிறது. வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் உள்ள பழைய ஜாதி. அதைத் துடைப்பதிலும் பராமரிப்பதிலும் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் ஒரே விஷயத்தில்தான். மனிதனுக்கு உண்டாகிற மணிக்கட்டு வலி, கழுத்து வலி, முதுகு வலி, சில சந்தர்ப்பங்களில் பிள்ளைகளின்மீது வருகிற அகாரணமான கோபம் உட்பட, சகல உபாதைகளுக்கும் மூலகாரணம் ஹேண்டில் அரை அங்குலம் முன்னால் தள்ளியிருப்பதே என்பது அவருடைய சித்தாந்தம்.

இதை முழுக்கப் பரிகசித்துத் தள்ளிவிடவும் முடியாது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியார் திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்தபோது சராசரி மனிதன் ஒருவனை உத்தேசித்துத்தான் கைப்பிடியை வளைத்திருக்க வேண்டும்; அந்தச் சராசரி மனிதனையோ ஆர்.எஸ்.புரத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. கைப்பிடி தாழ்ந்தும் தள்ளியும் இருந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. உயர்ந்தும் நெருங்கியும் இருந்தால் அதே பாரம் முதுகுத்தண்டின் அடியில் போய் உட்காருகிறது. ஆகவே சௌகரியம் என்பது இந்த இரண்டுக்கும் இடையே எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்பது சாஸ்திர சம்மதமான விஷயமே. நியாயமான மனிதர்கள் அதை ஒரு நாள் தேடி, ஏறக்குறைய அகப்பட்ட இடத்தில் போல்ட்டை முடுக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் கனவானுக்கு அந்த 'ஏறக்குறைய' என்பதில்தான் ஜன்ம விரோதம்.

ஹேண்டில் என்பது என்ன? எட்டு நூல் ஓர் அங்குலம் என்கிற பட்டறைக் கணக்கில் 7 நூல் குறுக்களவுள்ள ஒரு வளைந்த குழாய். நடுவில், கிளாம்ப் கவ்வுகிற இடத்தில், நழுவாமலிருக்கச் சொரசொரப்பாகக் கீறியிருப்பார்கள். கிளாம்ப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாயைத் தம் பக்கமாகச் சாய்த்து, மறுபடி முடுக்குவது கால்மணி நேரத்துக் காரியம். முடுக்கிய பிறகே காரியம் ஆரம்பமாகிறது. குழாய் சாய்ந்தால் கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் கூடவே மேலே நிமிர்கின்றன. முன்கையின் நேர்கோட்டிலேயே விரல்கள் லீவரில் போய் விழ வேண்டுமாதலால் அவற்றைத் தளர்த்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. லீவர் திரும்பினால் அதோடு ஒட்டியிருக்கிற கண்ணாடியும் திரும்பி, பின்னால் வருகிற பஸ்ஸைக் காட்டுவதற்குப் பதிலாக அவருடைய தோள்பட்டையையோ எதிர்வீட்டுத் தென்னையின் குருத்தையோ காட்டுகிறது. ஒருமுறை ஹேண்டிலை மிகவும் உயர்த்திவிட்டதில் ஆக்சிலேட்டர் ஒயர் விறைத்துப் போய், லாலி ரோடு முக்கில் வண்டியை ஒடித்துத் திருப்பிய கணத்தில், அவர் தொடாமலே இன்ஜின் பேரிரைச்சலிட்டு, போக்குவரத்துக் காவலரைத் தனிப்பட்ட முறையில் அவமதித்துவிட்டது. அன்று மாலையே நீளமான ஒயர் ஒன்று வாங்கிப் பூட்டினார். ஒயர் நீளமாகிவிட்டதே, அதை வீணாக்குவானேன் என்று ஹேண்டிலை மேலும் அரை அங்குலம் உயர்த்தினார்.

வேறு ஊராக இருந்தால் இந்த வியாதி இந்த அளவுக்கு முற்றியிராது. பம்பும் கிரைண்டரும் கடைந்து ஜீவிக்கிற கோயம்புத்தூரில், கணபதியிலோ பீளமேட்டிலோ லேத்துப் பட்டறை வைத்திருக்கிற ஒரு மாமனோ மச்சானோ இல்லாத குடும்பம் அபூர்வம். மற்ற ஊர்க்காரன் மனத்தில் தோன்றி மறைந்து போகிற ஆசை, இங்கே மறுநாள் காலை அலுமினியத்தில் கடைந்து கைக்கு வந்துவிடுகிறது. கைப்பிடியைத் தூக்கி நிறுத்துவதற்கென்று கிளாம்ப்புக்கு அடியில் வைக்கிற கட்டைகளை நம்மவர் 2 நூல், 4 நூல், 6 நூல் என்று வரிசைக் கிரமமாகக் கடைந்து வாங்கி, எண்ணெய் பூசி, தேதியெழுதி அலமாரியில் வைத்திருந்தார். நவராத்திரிக்குக் கொலுப்படி ஆட்டம் கண்டபோது அவருடைய மனைவியார் அவற்றை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டார். படிகள் அசையாமல் நின்றன. அந்தக் கட்டைகள் பிரயோஜனப்பட்ட சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்று அந்த அம்மாள் சொல்வார்.

ரிதுக்களும் அவருக்கு அனுகூலமாக இல்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வருகிறபோது, நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று மார்பில் மோதுமென்று ஹேண்டிலை இறக்குகிறார். கார்த்திகையில் காற்று அடங்கியதும், இனிக் குனிந்திருக்க என்ன அவசியம் என்று ஏற்றுகிறார். அவருடைய வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை என்பதும், அதுவும் பெரும்பாலும் அன்னபூர்ணா ஹோட்டல் வரைக்கும்தான் என்பதும் வாயு பகவானுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்துவிட்டு வந்த வாரத்தில், பந்தயக்காரர்களைப்போல் டாங்கின்மேல் கவிழ்ந்து ஓட்டுவதே உத்தமமான ஆசனம் என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தை அவருடைய வயிறு ஏற்கவில்லை. அத்தியாயம் இரண்டு நாளில் முடிந்தது.

ஜி.டி.நாயுடுவின் பெயரை அவர் அடிக்கடி எடுப்பார். 1893-இல் கலங்கலில் பிறந்த அந்த மேதை, வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டியே யந்திர ஞானம் பெற்றார் என்கிற வரலாற்றை, ஸ்பேனரும் கையுமாக நிற்கும்போது யாராவது கேள்வி கேட்டால் நமக்கு உபதேசிப்பார். பூட்டிய பிறகு நாயுடு அதை ஓட்டினார் என்கிற பகுதி மட்டும் ஏனோ அவருடைய பாடத்தில் இல்லை.

சுக்கிரவார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்கின் பொறுமையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். 

"ஏனுங்ணா, போன வாரந்தான ஏத்துனோம். மறுக்கா எறக்கோணுமாங்?" 

"எறக்க வேண்டாங் கண்ணு. ஒரே ஒரு நூலு பின்னால சாச்சுப் போடு. உள்ளங்கை மரத்துப் போகுது பாரு." 

"நூலு என்னுங்ணா, அரை நூலு போதுங். மீதி அரை நூலுக்கு அடுத்த வாரம் வாங்க." 

இதிலுள்ள கிண்டல் நம்மவருக்கு எட்டுவதில்லை. அரை நூலின் அருமை தெரிந்த ஒருவனாவது ஊரில் இருக்கிறானே என்று கண் கலங்குகிறார். அவனும் கூலி வாங்குவதில்லை, டீ மட்டும் வாங்கிக்கொள்கிறான். போல்ட்டின் மரை தேய்ந்துவிடப் போகிறதே என்பதுதான் அவனுடைய உண்மையான கவலை.

இத்தனை பிரயத்தனமும் எதற்காக? வால்பாறைக்காக. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தப் புல்லட்டில் ஏறிக் கடந்து, மேலே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் சங்கல்பம். ஆனால் அவ்வளவு வளைவுகளை அரை அங்குலம் பிசகிய ஹேண்டிலுடன் ஏறுவதாவது! ஆகவே ஹேண்டில் சரியாகிற வரையில் யாத்திரை ஒத்திப்போடப்படுகிறது. "ஏனுங், அதயப் புடுச்சுட்டு நின்னது போதுங். தோசை ஆறிப்போச்சு, வந்து தின்னுங்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கைகளை அதே நிலையில் நீட்டியபடியே அவர் உள்ளே போவதைப் பார்த்தவர்கள் உண்டு; கண்டுபிடித்த ஸ்தானம் தோசைக்கு முன்னால் கலைந்துவிடக் கூடாதல்லவா?

கடைசியில் அவர் வால்பாறைக்குப் போகத்தான் செய்தார். எஸ்டேட் உத்தியோகத்திலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் ஒரு சீர். போகாமலிருந்தால் பங்காளிகளுக்குள் பேச்சு வந்துவிடும். தேதியோ நெருங்கிவிட்டது, ஹேண்டிலோ கழற்றிய நிலையில் திண்ணைமேல் கிடந்தது. பொள்ளாச்சியில் சர்க்கார் பஸ் ஏறி, டிரைவருக்கு இடப்புறத்து முன் ஆசனத்தில் இடம் பிடித்து, முதல் எட்டு வளைவுகளிலும் சாலையைப் பாராமல் ஸ்டியரிங்கையே உற்றுக் கவனித்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்டில், கீழே ஆழியாறு அணை பளபளக்க, பஸ் பூராவும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தபோது, நம் கனவான் மட்டும் முன்னால் குனிந்து, தணிந்த குரலில், இந்தச் சக்கரத்தை ஒரு நாலு நூலு உங்க பக்கமாகச் சாய்த்து வைத்தால் தோள்பட்டைக்கு எத்தனை இதமாக இருக்கும் தெரியுமா என்று டிரைவரிடம் ஆரம்பித்தார்.

"இன்னும் முப்பத்தோரு வளைவு கெடக்குதுங்" என்றார் டிரைவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கம்பியக் கெட்டியாப் புடுச்சுட்டு உக்காருங்."

கம்பியைப் பிடித்துப் பார்த்தார். அது கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது.