தார்ச்சட்டியில் பூத்த கத்திரிப்பூ

‘கூட்டு ஆராய்ச்சி’ என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? வெள்ளைக் கோட்டு மாட்டிய ஏழெட்டுப் பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சமோசாவைக் கடித்தபடி, ஒருவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எதிரே பவர்பாயின்ட். கடைசி ஸ்லைடில் ‘நன்றி’. ஆனால் உலகத்துக்கே சாயம் ஏற்றிய ஒரு குப்பையின் கதையில் அப்படி ஒரு மீட்டிங் நடக்கவே இல்லை. அதில் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல்தான் ஒத்துழைத்தார்கள். சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சொன்னபோது வந்தது.

அந்தக் குப்பையின் பெயர் தார். நிலக்கரியை மூடிய கலத்தில் போட்டுக் காய்ச்சினால் காஸ் வரும். அதைக் குழாயில் விட்டால் விளக்கு எரியும். 1807-ல் லண்டன் பால்மால் தெருவில் காஸ் விளக்கைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. 1812-ல் அதற்கென்று கம்பெனியே வந்துவிட்டது. மேலே விளக்கு ஜெகஜோதியாக எரிய, அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று, குடலைப் பிரட்டும் நாற்றத்தோடு ஒன்று சேர்ந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எங்கே போடுவது என்று தெரியாமல் விழிப்பார்களே, காஸ் கம்பெனிக்காரர்கள் அப்படி விழித்தார்கள். கொஞ்சத்தை எரித்தார்கள், கொஞ்சத்தை மரத்துக்குப் பூசினார்கள், மிச்சத்தை ஆற்றில் விட்டார்கள். ஆறு எதுவும் கேட்காது பாருங்கள்.

ஆரம்பத்தில் இதில் காசு பார்த்தவர்களில் ஒருவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ். அவருக்கு வேண்டியது தார் இல்லை, காஸ் ஆலையின் அம்மோனியா. அம்மோனியா வாங்கப் போனவர் தலையில் தாரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் டீத்தூள் பாக்கெட்டும் வாங்கியே ஆகவேண்டும் என்பார்களே, அந்தக் கதை. மனிதர் சளைக்கவில்லை. தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, 1823-ல் மழைக்கோட்டுக்குப் பேட்டன்ட் வாங்கினார். கோட்டு மழையை நிறுத்தியது. வெயிலில் ஒட்டிக்கொண்டது, குளிரில் அப்பளம் மாதிரி விறைத்தது, எல்லாப் பருவத்திலும் நாறியது.

ஜெர்மனியில் ரூங்கே என்று ஒருவர். மாணவனாக இருந்தபோது கவிஞர் கதேயிடம் போய், செடிச்சாறு விட்டால் பூனையின் கண்பாவை எப்படி விரிகிறது என்று பூனையோடு நேரில் டெமோ காட்டிய ஆசாமி. கதே மகிழ்ந்து ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டையைக் கொடுத்தார். ரூங்கே அதிலிருந்து கஃபீனைப் பிரித்துவிட்டார். இதே மனிதர் 1834-ல் தாரைக் குடைந்து அனிலின், ஃபீனால் என்று புதையல் புதையலாக எடுத்தார். அவர் வேலை பார்த்த ஆலை நிர்வாகத்தின் காதில் ஏறவில்லை. மேனேஜர்மார்கள் அன்றும் மேனேஜர்மார்கள்தான்.

இங்கே ஒரு பெயர்க் கூத்து. ‘அனிலின்’ என்ற பெயருக்கு மூலம் போர்ச்சுகீசிய ‘அனில்’. அது அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் போனது நம் பக்கத்து ‘நீல’. அவுரியில் எடுத்த நீலத்தைக் காய்ச்சியபோதும் இதே பொருள் கிடைத்ததால் வைத்த பெயர். குப்பையில் கண்டெடுத்த பிள்ளைக்கு நம் வீட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பூரிக்கவேண்டாம். பிள்ளை பெரியவனானதும் பெயர் கொடுத்த வீட்டையே காலி செய்யப் போகிறான்.

இனி கதாநாயகன். வில்லியம் ஹென்றி பெர்கின், வயது 18. லண்டன் ராயல் வேதியியல் கல்லூரியில் ஜெர்மன் வாத்தியார் ஹோஃப்மானின் உதவியாளன். வாத்தியாருக்குத் தார் என்றால் உயிர். அதிலிருந்து கொயினா செய்துவிடலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. இந்தியாவில் வெள்ளைக்காரத் துரைகள் மலேரியாவில் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்கள். கொயினா மரப்பட்டையோ ஆனை விலை, குதிரை விலை.

1856 ஈஸ்டர் லீவு. வாத்தியார் ஊருக்குப் போயிருந்தார். பையன் கிழக்கு லண்டனில் தன் வீட்டு மாடி அறையில் கணக்குப் போட்டான். அவன் கணக்கு இதுதான்: அல்லைல் டொலுவிடின் என்ற சரக்கை இரண்டு பங்கு எடு, ஆக்சிஜன் சேர், கொஞ்சம் தண்ணீரைக் கழி, கொயினாவின் ஃபார்முலா வந்துவிடும்! எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்துகிறது. செங்கல், சிமென்ட், ஜன்னல் எண்ணிக்கை சரியாக இருந்தால் தாஜ்மகால் தானாக எழுந்துவிடும் என்று நினைப்பதைப் போன்ற கணக்கு. சிரிக்காதீர்கள். மூலக்கூறுக்கு உள்ளே எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று அன்று வாத்தியாருக்கும் தெரியாது.

கொயினா வரவில்லை, செம்பழுப்பாக ஒரு சேறு வந்தது. சரி, இன்னும் எளிய சரக்கில் பார்ப்போம் என்று அனிலினை எடுத்தான். இப்போது கறுப்பாக ஒரு சேறு வந்தது. முன்னேற்றம்தான்! பாத்திரத்தைக் கழுவலாம் என்று ஆல்கஹால் ஊற்றினான். அப்படியே பளீரென்று கத்திரிப்பூ கலர்.

இந்த இடத்தில் ‘மேதை’ என்று எழுந்து நின்று கைதட்ட வேண்டியது மரபு. கொஞ்சம் உட்காருங்கள். பையனின் அனிலின் சுத்தமானதே இல்லை. அனிலின் செய்ய எடுத்த, தாரிலிருந்து வந்த பென்சீனில் டொலுயீன் கலந்திருந்தது. அதனால் அனிலினில் டொலுவிடின் கலந்திருந்தது. அந்தக் கலப்படம் இல்லாவிட்டால் அந்த நிறமே பிறந்திருக்காது. அந்த மூலக்கூறின் சரியான அமைப்பு இன்னதென்று கண்டுபிடிக்க 1994 ஆகிவிட்டது. நல்ல கடையில் நல்ல சரக்கு வாங்கியிருந்தால் பெர்கின் பேப்பர் திருத்தும் வாத்தியாராகக் காலத்தை ஓட்டியிருப்பார்.

அந்த பென்சீனைத் தாரிலிருந்து பிரிக்க வழி சொன்னவர் ஹோஃப்மானின் இன்னொரு மாணவர், மான்ஸ்ஃபீல்டு. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக பென்சீன் காய்ச்சும்போது கலம் பொங்கித் தீப்பிடித்தது. எரியும் கலத்தை வெளியே தூக்கிப்போக முயன்று, உடல் வெந்து, சில நாளில் இறந்துபோனார். பையன் கத்திரிப்பூவைப் பார்த்தது அதற்கு அடுத்த வருஷம். இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

பெர்கின் செய்த முதல் காரியம், வாத்தியாரிடம் சொல்லாமல் இருந்தது. அண்ணனையும் நண்பனையும் கூட்டுச் சேர்த்துத் தோட்டத்துக் கொட்டகையில் சாயம் காய்ச்சினான். பட்டுத் துணியில் ஏற்றி, ஸ்காட்லாந்தில் சாயத்தொழில் செய்த புல்லர் குடும்பத்துக்கு அனுப்பினான். விலை கூடாமல் இருந்தால் இது பெரிய விஷயம்தான் என்று பதில் வந்தது. எந்தச் சந்தையிலும் வியாபாரியின் முதல் பாராட்டு அப்படித்தான் இருக்கும். ஆகஸ்டில் பேட்டன்ட். பிறகுதான் வாத்தியாருக்குத் தகவல். நல்ல விஞ்ஞானி ஒருவன் கடைத்தெருவுக்குப் போகிறானே என்று ஹோஃப்மான் முகத்தைச் சுளித்தார். ஏழே வருஷத்தில் சந்தையில் ‘ஹோஃப்மான் வயலெட்’ என்று ஒரு சாயம் வந்தது. அதே ஹோஃப்மான்தான்.

கட்டட வேலை செய்து அப்பா சேர்த்த பணத்தில் 1857-ல் கிரீன்ஃபோர்டில் கால்வாயோரம் ஆலை எழுந்தது. ஊதா ஒரு காலத்தில் ராஜாக்களின் நிறம். கடல் நத்தையின் சுரப்பியைப் பிழிந்து எடுக்கவேண்டும். பிற்காலத்தில் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 நத்தைகளைப் பிழிந்து 1.4 கிராம்தான் எடுத்தார். ஆக, ரோமாபுரிச் சக்கரவர்த்தி கம்பீரமாகப் போர்த்திக்கொண்டது நாறிய நத்தை. இப்போது நாறிய தார். நிறத்துக்கும் அந்தஸ்துக்கும் இருக்கும் உறவைவிட நாற்றத்தோடு உள்ள உறவு பழசு.

ஆனால் ஃபேஷனைக் கிளப்பியது வேதியியல் இல்லை. பிரெஞ்சுச் சக்கரவர்த்தினி யூஜீனிக்கு அந்த நிறம் தன் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று தோன்றிவிட்டது. 1858 ஜனவரியில் விக்டோரியா ராணி மகள் கல்யாணத்துக்கு அதே சாயலில் உடுத்தி வந்தார். முடிந்தது கதை! தீபாவளிக்கு ஒரு ஹீரோயின் பெயரில் புடவை வந்தால் ஊரே கட்டுமே, அதேதான். லண்டனுக்கு ஊதா அம்மை போட்டிருக்கிறது என்று ‘பஞ்ச்’ பத்திரிகை கேலி செய்தது. பெர்கின் 36 வயதில் ஆலையை விற்றுவிட்டு ரிடையர்.

அதற்குள் இன்னொரு கூத்து. செடிவேரில் கிடைக்கும் சிவப்புக்கு அலிசரின் என்று பெயர். நம் சோழமண்டலக் கரையில் சாயவேர் தோண்டித் துணிக்கு ஏற்றினார்களே, அதே சிவப்பு. அதையும் தாரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெர்மன்காரர்கள் பேட்டன்டுக்கு மனு போட்டது 1869 ஜூன் 25. பெர்கின் போட்டது ஜூன் 26. ஒரே ஒரு நாள்! சண்டை போடாமல் இரு தரப்பும் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இந்தக் கதையில் வந்த உருப்படியான ஒரே ஒத்துழைப்பு இதுதான், அதுவும் பணத்துக்காக.

1879-ல் அமெரிக்காவில் பேராசிரியர் ரெம்சன் லேபில் ஃபால்பெர்க் என்பவர் தார்ச் சரக்கோடு மல்லாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. நம் அம்மாக்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பே கிடைத்திருக்காது. ஆராய்ச்சிக் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. பேட்டன்டில் ரெம்சன் பெயர் இல்லை. பேராசிரியர் ஃபால்பெர்க்கை அயோக்கியன் என்றே சொன்னார். இனிப்பில் இத்தனை கசப்பு.

கடைசியில் தார்ப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தான். தாரிலிருந்து நீலம் செய்ய ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி வருஷக்கணக்காகக் காசைக் கொட்டியது. நாஃப்தலீனிலிருந்து, அதாவது பீரோவில் போடும் அந்துருண்டையிலிருந்து, தொடங்க வேண்டும். அந்த முதல் படிதான் நகரவில்லை. ஒருநாள் சாப்பர் என்ற ஊழியரின் தெர்மாமீட்டர் உள்ளே உடைந்தது. பாதரசம் கலந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. உடைத்தவர் சம்பளத்தில் பிடித்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. 1897-ல் ஜெர்மன் நீலம் சந்தைக்கு வந்தது; அவுரி படுத்தது.

பீகாரில் சம்பாரண் தோட்டத் துரைகளுக்கு நஷ்டம். ஆனால் நஷ்டம் துரைக்கு வந்தால் அதைக் கட்டுவது குடியானவன்தான். “அவுரி போடுவதிலிருந்து உனக்கு விடுதலை, அதற்கு ஈடாக நிலக் குத்தகையை ஏற்றிக் கொடு” என்றார்கள். பொறுக்க முடியாமல் குடியானவர்கள் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். 1917 ஏப்ரலில் வந்து இறங்கினார் காந்தி. லண்டன் விளக்குக்கு அடியில் சேர்ந்த கசடு எவ்வளவு தூரம் ஒழுகியிருக்கிறது பாருங்கள்.

கிரீன்ஃபோர்டில் ஆலையோரக் கால்வாய், அன்று என்ன சாயம் காய்ச்சினார்களோ அந்த நிறத்தில் ஓடும் என்பார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சீசனுக்கு என்ன கலர் ஃபேஷன் என்று நொய்யல் ஆற்றைப் பார்த்தே சொன்ன காலம் ஒன்று இருந்தது; 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். தண்ணீர் தெளிந்தது, அடியில் சேறு மிஞ்சியது. குப்பையில் பிறந்த சாயத்துக்கே ஒரு குப்பை! அதைச் சிமென்டில் சேர்க்கலாமா, செங்கல்லாகச் சுடலாமா என்று இப்போது கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் செய்கிறார்கள்.

தம்பி, கண்ணு, பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே தேய்க்கவேண்டாம். கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றிப் பாருங்கள். பாத்திரத்தில்தான்.