கொரோனலுக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு ஒரு வாழ்த்து

சிலி நாட்டின் பழைய நிலக்கரி நகரம் கொரோனல். அதன் சதுக்கத்தில் உள்ள நினைவுக்கல், 1914 நவம்பர் 1 அன்று அந்தக் கரைக்கு அப்பால் மாண்ட பிரிட்டிஷ் மாலுமிகளையும் தளபதி கிறிஸ்டோபர் கிராடக்கையும் போற்றுகிறது. செத்தவர்களுக்குக் கல் உண்டு. அனுப்பிவைத்த லண்டன் கடற்படைத் தலைமையகத்துக்கு ஒரு வாழ்த்தாவது வேண்டாமா?

பெரியோர்களே, உங்கள் சிக்கனம் யாருக்கு வரும்! எதிரே வருபவர் ஜெர்மன் அட்மிரல் ஸ்பீ என்பது உங்களுக்குத் தெரியும். சென்னையைக் குண்டு போட்டுக் கலங்கடித்த எம்டன், அவர் படையிலிருந்து பிரிந்து வந்த சின்னக் கப்பல்தான். அவருடன் இருந்த ஷார்ன்ஹோர்ஸ்ட்டும் க்னைசனாவும் குறி தவறாமல் சுடுவதற்குப் பரிசு வாங்கியவை. அவற்றின் முன்னால் நிறுத்த குட் ஹோப், மான்மவுத் என்ற பழைய கப்பல்களைப் பொறுக்கி எடுத்தீர்கள். அவற்றில் ஏற்றியதும் பெரும்பாலும் ரிசர்வ் ஆட்களை. முதல் உலகப் போர் மூண்டதும் வேலையையும் வீட்டையும் விட்டு வந்தவர்களைப் பீரங்கிப் பயிற்சி என்று அதிகம் அலைக்கழிக்கவில்லை. என்ன கருணை!

கிராடக் டிஃபென்ஸ் என்ற வலுவான கப்பலைக் கேட்டார். நீங்கள் கனோபஸைக் கொடுத்தீர்கள். பெரிய பீரங்கிகள் கொண்ட அந்தக் கிழட்டுக் கப்பல், சண்டை நடந்தபோது சுமார் முந்நூறு மைலுக்கு அப்பால் பத்திரமாக இருந்தது. ஒரு கப்பலையாவது காப்பாற்றினீர்களே!

குட் ஹோப், மான்மவுத் கப்பல்களில் பீரங்கிகள் இருந்த இடத்தையும் மெச்ச வேண்டும். ஆறு அங்குலப் பீரங்கிகளில் பல, நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில் இருந்தன. அன்று கடல் கொந்தளித்தது. பீரங்கி வாசலைத் திறந்தால் அலை உள்ளே பாய்ந்தது. குறி பார்க்க நின்றவனின் கண்ணில் உப்புத் தண்ணீர். சூரியன் விழுந்ததும் மேற்கு வானத்துச் செம்மையில் பிரிட்டிஷ் கப்பல்கள் கறுப்பாக எடுப்பாகத் தெரிந்தன. ஜெர்மன் கப்பல்களோ கரைப்பக்க இருட்டில் மறைந்தன. இரவுக்குள் குட் ஹோப்பும் மான்மவுத்தும் மூழ்கின. சுமார் 1,600 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவர்களில் கனடாவின் இளம் மிட்ஷிப்மேன்கள் நால்வர். அந்நாட்டுக் கடற்படையின் முதல் போர்ப்பலி அவர்களே. ஜெர்மானியர் பக்கம் மூவருக்குக் காயம்.

உங்கள் நீதியும் பெரிது. கனோபஸை விட்டுவிட்டுப் போனது கிராடக்கின் பிழை என்று, அன்று உங்களுக்குத் தலைவராக இருந்த சர்ச்சில் பின்னாளில் எழுதினார். மறுத்துப் பேச கிராடக் இல்லை. வழக்கு எவ்வளவு சுலபமாக முடிந்தது!

எல்லாவற்றையும் விட உங்கள் வேகத்துக்குத் தலைவணங்குகிறேன். இல்லை, கிடையாது என்ற இடத்திலிருந்து இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள் என்ற இரண்டு மாபெரும் போர்க்கப்பல்கள் நவம்பர் 11 அன்றே புறப்பட்டுவிட்டன. டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளருகே ஸ்பீயின் படை ஒழிந்தது. அந்த இரண்டையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தால் 1,600 வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும். ஆனால் பழிவாங்கிய புகழ் உங்களுக்குக் கிடைத்திருக்குமா?