எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு?

பொறியியல் கவுன்சலிங்கில் என் கட்-ஆஃப் 178. பெயர்பெற்ற பழைய கல்லூரியில் சிவில் கிடைக்கும். பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். எதில் சேர? – மாணவி, அரூர்

சிவில் உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் பழைய கல்லூரிதான். நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், மண் பரிசோதனைக் கூடம், காங்கிரீட்டை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் எல்லாம் அங்கே இருக்கும். வீட்டில் உட்கார்ந்து இவற்றைக் கற்க முடியாது. கம்ப்யூட்டர்தான் ஆசை என்றால் பக்கத்துக் கல்லூரியே போதும், மீதியை உங்கள் உழைப்பு பார்த்துக்கொள்ளும். ‘சேர்ந்துவிட்டு அப்புறம் பிரிவை மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கிடைக்காது என்று தெரிந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டால், கிடைக்க வேண்டியதும் போய்விடுமா? – மாணவர், விருத்தாசலம்

போகாது. உங்கள் ரேங்க்கின் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார்கள். முதலாவதில் இடமில்லையா, இரண்டாவது. அதிலும் இல்லையா, மூன்றாவது. கிண்டியை மேலே எழுதியதால் ஐந்தாவது சாய்ஸுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ‘இதுதான் கிடைக்கும்’ என்று பயந்து, ஆசைப்படாத கல்லூரியை மேலே ஏற்றினால்தான் நஷ்டம். அதுவே கிடைத்து, அதைவிட நல்லது கைவிட்டுப் போகும். பத்தோடு நிறுத்துவதும் ஆபத்து. வரம்பு கிடையாது, தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு கல்லூரியின் கோடு எண்ணையும் சரிபாருங்கள்; ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. ஒதுக்கீடு வந்தபிறகும் கதவு மூடிவிடாது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் ‘அப்வர்டு’ வசதி இருக்கிறது.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முன்னால் இருக்கும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்தால் போதும்தானே? – தந்தை, ஓசூர்

போதாது ஐயா. அந்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஆராய்ச்சிக்கு, 10 சதவீதம் கல்வியாளர்களும் வேலை தருபவர்களும் வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு. முதலாண்டு வகுப்பில் உட்காரும் உங்கள் பிள்ளைக்கு இவற்றால் நேரடிப் பயன் குறைவு. ஆனால் தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவரங்கள் இணையத்தில் கிடைக்கும், அவைதான் பொக்கிஷம். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதே இடைநிலைச் சம்பளம். பஸ் ஸ்டாண்டு பேனரில் இருக்கும் ‘அதிகபட்ச பேக்கேஜ்’ ஒரே ஒரு மாணவருடையது. இன்னொன்று, ‘நாக்’ தரம் முழுக் கல்லூரிக்கும் கொடுப்பது; என்.பி.ஏ. அங்கீகாரம் பிரிவுவாரியாக வருவது. உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இணையதளத்தில் ஐம்பது பேராசிரியர்கள் பெயர் இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – மாணவர், திருவாரூர்

நேரில் போய்த்தான். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. ஆகவே ஒரு வேலை நாளில் போங்கள். வரவேற்பறையோடு திரும்பிவிடாமல், கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். இந்த செமஸ்டரில் எத்தனை ஆசிரியர்கள் பாதியில் போனார்கள், லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

நகையை வைத்தாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மகனைச் சேர்க்கலாமா? எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். – தாய், ராஜபாளையம்

அவசரப்படாதீர்கள் அம்மா. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. நிகர்நிலையில் இந்தச் சலுகையும் கிடையாது, ஒதுக்கீடும் கிடையாது. அங்கே முதல் வருடத்துத் தொகையை மட்டும் பார்க்காமல் நான்கு வருடத்துக்கும் சேர்த்து, விடுதி, மெஸ், பஸ் எல்லாம் போட்டுக் கூட்டுங்கள். கல்விக் கடன் வாங்கினால், தவணை படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆனால் வட்டி படிக்கும்போதே ஏறத் தொடங்கிவிடும். நல்ல பிரிவு கவுன்சலிங்கில் கிடைத்தால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

‘ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் சீட்’ என்கிறார்கள். கொடுக்கலாமா? – மாணவி, தேனி

சரிபார்க்கக் கொடுங்கள், கையோடு வாங்கிவிடுங்கள். ஒரிஜினலைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. உத்தரவு.

அப்பா ஒரு கல்லூரி சொல்கிறார், மாமா வேறொன்று சொல்கிறார், ப்ரௌசிங் சென்டர் அண்ணன் இன்னொன்று சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? – மாணவி, செஞ்சி

அப்பாவிடம் பணத்தைப் பற்றிக் கேளுங்கள், மாமாவிடம் ஊரைப் பற்றிக் கேளுங்கள். பிரிவை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். நான்கு வருடம் அந்தப் பாடத்தைப் படிக்கப்போவது நீங்கள்தான். ப்ரௌசிங் சென்டரில் டைப் செய்ய உதவி கேட்கலாம், சாய்ஸ் கேட்க வேண்டாம். ஓ.டி.பி. வரும் எண் உங்கள் வீட்டு செல்போன் எண்ணாகவே இருக்கட்டும். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள். பட்டியலை லாக் செய்யும்போது பக்கத்தில் நீங்கள் இருங்கள்.