பேய்க்கும் சப்டைட்டில்

எங்கள் வீட்டில் நான்தான் தைரியசாலி என்று ஒரு வதந்தி உண்டு. கிளப்பிவிட்டவனும் நான்தான். பதினெட்டு வருஷமாக அது எப்படியோ தாக்குப்பிடித்து வந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதற்குக் காரியம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி, பஃபலோ ரோட்டில் கறிவேப்பிலை, மனைவிக்கு இரண்டு முழம் மல்லிகை எல்லாம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தேன். சாப்பாட்டு மேசையில் மகள் ஆரம்பித்தாள். பதினைந்து வயது. எதைச் சொன்னாலும் ஜட்ஜ் தீர்ப்புப் படிக்கிற மாதிரிதான் சொல்வாள்.

"பழைய பேய்ப் படத்தையெல்லாம் எங்க செட்டுக்குப் புதுசா எடுக்கணும்பா. பழசைப் பார்த்தா தூக்கம்தான் வருது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயில் சிலைக்கு மூக்கு சரியில்லை என்று யாராவது இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி செதுக்கித் திருத்துவார்களா என்று பிரசங்கம் செய்தேன். என் பிரசங்கம் முடிவதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவது வழக்கம். அன்றும் கழுவினார்கள். ஈரக் கையோடு இருந்தவர்களை சோபாவில் உட்காரவைத்து, 1978இல் வந்த 'ஆயிரம் ஜென்மங்கள்' படத்தைப் போட்டேன். ரஜினிகாந்த், லதா, விஜயகுமார், பத்மப்ரியா. இயக்கம் துரை. பேய் பிடித்த தங்கையை அண்ணன் மீட்கிற கதை.

இந்த விஷயத்தில் பேச எனக்குத் தகுதி உண்டு. நன்னிலம் பக்கத்து டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்து 'மை டியர் லிசா' பார்த்தவன் நான். அப்போது பத்து வயது. படம் விட்டு வருகிற வழியில் ஒரு புளியமரம். கரண்ட் கிடையாது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று சித்தப்பா மகன் சொல்லியிருந்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் கால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒன்றரை மைல் நடந்தேன். பட்டது. ஆனாலும் மறுநாள் காலை காப்பி தரும்போது இன்னொரு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

என் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கின் நடைபாதை விளக்கு ராத்திரி முழுக்க எரியும். மின்தூக்கி, கீழ்த்தளம், குப்பை போடுகிற இடம், எங்கும் வெளிச்சம். ஒரு பேய் கௌரவமாக நின்று காத்திருக்க மறைவான மூலை கிடையாது.

அதையும் மீறிப் படம் வேலை செய்திருக்கும். கெடுத்தது சப்டைட்டில். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் பேய் பேசுகிற வேகத்துக்கு அந்தத் தமிழ் போதாது. கீழே ஆங்கில எழுத்து ஓடினால்தான் உண்டு. அந்த எழுத்தோ, பாத்திரம் வாயைத் திறப்பதற்கு இரண்டு விநாடி முன்னால் வந்து நிற்கிறது. பேய் என்ன சொல்லப் போகிறது என்று என் மகன் முன்கூட்டியே படித்து முடித்துவிட்டு, "ம், சொல்லு" என்பது போல் திரையைப் பார்க்கிறான். பதினொரு வயதுப் பையன் அப்படிப் பார்த்தால் எந்தப் பேய்க்குத்தான் மனம் வரும்?

பயந்தவர்கள் யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சோபாவின் ஓரத்தில் ஒருவர் தலையணையை மார்போடு அணைத்திருந்தார். முதுகு வலிக்காக என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்.

பாதிப் படத்தில் மகள் கைப்பேசியை நீட்டினாள். "அப்பா, இதுவே ரீமேக்."

பார்த்தேன். 1976இல் மலையாளத்தில் நடிகை ஷீலா இயக்கிய 'யக்ஷகானம்'தான் மூலமாம். சரி, அது போகட்டும், 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?' இருக்கிறதே, அதை என்ன சொல்வாய் என்றேன். அவள் விரல் இரண்டு தரம் நகர்ந்தது. 1964இல் ராஜ் கோஸ்லா எடுத்த 'வோ கோன் தீ' என்ற இந்திப் படம். 'ஜென்ம நட்சத்திரம்'? 1976இல் வந்த 'தி ஓமன்'. கடைசி அஸ்திரமாக என் லிசாவை எடுத்தேன். அதன் இயக்குநர் பேபி 1978இலேயே மலையாளத்தில் ஒரு 'லிசா' எடுத்து வைத்திருக்கிறார். தாத்தா காலத்துச் சொத்து என்று நாற்பது வருஷமாக முள்வேலி போட்டுக் காவல் காத்த நிலம் முழுக்கப் பக்கத்து ஊர்க்காரன் பட்டாவில் இருக்கிறது.

தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் பேச்சை மாற்றுவது குடும்பத் தலைவனின் உரிமை. 'சந்திரமுகி'க்குத் தாவினேன். அது ரீமேக் என்று ஊருக்கே தெரியும், அதனால் புதிதாக அவமானம் இல்லை. ஆனால் பேசப் பேச எனக்கே ஒன்று பிடிபட்டது.

1993இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படம். அதில் வருகிற நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து போன நாட்டியக்காரி, பேசுவது தமிழ். 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆனபோது அவளுக்குத் தெலுங்கு வந்துவிட்டது. 2005இல் பி. வாசு அவளைத் தமிழுக்குக் கூட்டிவந்தார். தமிழ்ப் படத்தில் பேய் தமிழ் பேசினால் என்ன பயம் இருக்கும்? அதனால் சந்திரமுகிக்கும் தெலுங்கு. 2007இல் இந்திக்குப் போய் 'பூல் புலையா' ஆனதும் வங்காளம் பேசினாள். எந்த ஊருக்குப் போனாலும் பேய்க்கு உள்ளூர் மொழி தெரியக்கூடாது. நமக்குப் பாதி புரிந்து பாதி புரியாத பாஷையில் கத்தினால்தான் வயிற்றைக் கலக்குகிறது. தஞ்சாவூர் ஜில்லாக்காரன் என்ற முறையில், ஒரு மாநிலத்தையே மிரட்டியது எங்கள் ஊர்த் தமிழ் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகள் யோசித்தாள். "அப்போ சப்டைட்டில்தான் வில்லன்." வீட்டில் இத்தனை வருஷத்தில் நான் சொன்னதிலிருந்து ஒரு முடிவு எடுக்கப்பட்டது அதுதான் முதல் தரம்.

படத்தை நிறுத்திவிட்டுக் காற்று வாங்க நடைபாதைக்கு வந்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், எங்களுக்கு மக்சிக், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. எங்கள் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம்தான், இரண்டு சம்பவங்களைத் தவிர. ஒன்று, பொங்கலுக்குக் கேம்பல் லேனில் இரண்டு வாழைக்கன்று வாங்கி வாசல் கம்பியில் கட்டினேன். நமக்கு மங்கலம். அவருக்கு, பொந்தியானாக் என்கிற பேய் குடியிருக்கிற மரம் இரண்டு நேராக வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவிழ்க்கிற வரை மக்சிக் எதிர்ப்பக்கம் சுற்றித்தான் மின்தூக்கிக்குப் போனார். இரண்டாவது, தீபாவளி விடியற்காலை நாலு மணி. தலையிலிருந்து முழங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, வாசல் விளக்கை அணைக்கக் கதவைத் திறந்தேன். அதே நேரம் அவரும் திறந்தார். மலாய்க்காரர்களுக்கு ஓராங் மின்யாக் என்று எண்ணெய் பூசிய ஒரு பேய் உண்டு என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி 1958இல் இங்கே படம் எடுத்தவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. ஆக, மக்சிக்கைப் பயமுறுத்துகிற தொழிலை நம்மவர்கள் பரம்பரையாகச் செய்துவருகிறோம்.

வழக்கை மக்சிக்கிடம் கொண்டுபோனோம். பழைய படத்தை மறுபடி எடுக்கலாமா, கூடாதா? அவர் வெற்றிலைப் பெட்டியை மூடினார். ஏழு வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து 'பொந்தியானாக்' பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

கேத்தே-கெரிஸ் கம்பெனி 1957இல் எடுத்த படம். கதாநாயகி மரியா மெனாடோ. கூன் விழுந்த ஒரு பெண், மருந்து குடித்து அழகியாகிறாள். ரத்தம் மட்டும் வாயில் படக்கூடாது. கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. ஒருநாள் புருஷனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடு என்று அவனே கெஞ்சுகிறான். இந்த இடத்தில் மக்சிக் நிறுத்தினார். தன் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய், மெதுவாக, எதையோ ருசிப்பது போல் உதட்டை மூடினார். பிறகு எங்களைப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் மலாய். பிள்ளைகளுக்குக் கொஞ்சம்தான் புரியும். என் மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நான் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் படத்தை எங்கே பார்க்கலாம்?" மகள் குரல் இறங்கியிருந்தது.

பார்க்க முடியாது. கேத்தே-கெரிஸைக் கூட்டாக நடத்திய ஹோ ஆ லோக், பிரதிகளைப் பழைய சுரங்கக் குட்டை ஒன்றில் எறிந்துவிட்டார் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வரிசையில் மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்', 1958இல் வந்தது, தப்பியிருக்கிறது. ஆசியத் திரைப்படக் காப்பகத்திடம் இருக்கிற கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டிலும் ஏறிவிட்டன. ஆனால் எல்லாவற்றுக்கும் தாயான முதல் படம் தண்ணீரில். இயக்கியவர் யார் என்கிறீர்கள்? 1945இல் நம் ஊரில் ரஞ்சனை வைத்து 'சாலிவாகனன்' எடுத்த பி. என். ராவ். வாழைமரத்துப் பேயைத் திரையில் ஏற்றியதும், வாழைமரத்தை மக்சிக் வாசலுக்குக் கொண்டுவந்ததும், இரண்டுமே கடல் தாண்டி வந்தவர்கள் பார்த்த வேலை.

அங்கேதான் என் கொள்கை ஆட்டம் கண்டது. ரீமேக்கா வேண்டாமா என்பது சும்மா வாய்ச்சண்டை. பேய்ப் படம் என்று ஒன்று பிறந்ததிலிருந்து அது மறுபடி மறுபடி எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 2019இல்கூட கிளென் கோயியும் கேவின் யாப்பும் 'டெண்டாம் பொந்தியானாக்' எடுத்தார்கள், 1965ஆம் வருஷத்துக் கிராமத்தில் நடக்கிற மாதிரி. நான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், விரல் இடுக்கு வழியாகத் தெரிந்த அளவு. ஒளிப்பதிவு பிரமாதம் என்று மனைவியிடம் விமர்சனமும் சொன்னேன். தாராளமாக எடுக்கட்டும். பழையதைக் குட்டையில் எறியாமல் இருந்தால் போதும். 2024இல் 'மணிச்சித்திரத்தாழ்' படத்தை 4கே தரத்துக்குத் துலக்கி அப்படியே மறுபடி திரையிட்டார்களே, அது யாருக்கும் பாதகமில்லாத வழி. ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை: பத்து நிமிஷத்துக்கு ஒரு காமெடி போட்டுப் பயத்தை ஆறவைத்துப் பரிமாறுவது. மெக்கன்சி ரோடு ரெக்ஸில் 'காஞ்சனா' பார்த்தபோது அரங்கமே சிரித்தது. நான் நடுங்கினேன். அந்தக் கொட்டகை நடுவில் கொஞ்ச காலம் பனிச்சறுக்குத் தளமாக இருந்தது, அந்தக் குளிர் இன்னும் போகவில்லை என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன்.

பதினொரு மணிக்கு எல்லோரும் படுத்தோம். எல்லோரும் தூங்கினார்கள்.

இரண்டு மணி இருக்கும். பயத்துக்கும் பசிக்கும் ஒரே நரம்பு போலிருக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து முறுக்கு டின் சமையலறையில் மேல் தட்டுக்குப் போய்விட்டது. விளக்கைப் போட்டால் மாட்டிக்கொள்வேன். இருட்டில் நுனிக்காலில் நின்று டின்னை இறக்கி, மூடியை நெம்பி, முதல் முறுக்கை வாயில் வைத்தேன். கடிக்கவில்லை, சத்தம் வருமே என்று ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லிகை வாசனை வந்தது.

திரும்பினேன். வாசற்படியில் வெள்ளையாக ஓர் உருவம். தலைமுடி அவிழ்ந்து இடுப்பு வரை கிடக்கிறது. குனிந்து காலைப் பார்க்க நினைத்தேன், கழுத்து மடங்கவில்லை.

"யார்ரா அது? என் டின்னுல கைய வக்கிறவன்?"

நான் போட்ட சத்தத்தில் முறுக்கு ஒரு பக்கம், டின் ஒரு பக்கம். பக்கத்து வீட்டில் மக்சிக் தாழ்ப்பாள் போடுகிற ஓசை கேட்டது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார்.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் மன்னார்குடி. பகலில் பிள்ளைகளிடம் பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று நாகரிகமாகத்தான் பேசுவாள். தூக்கக் கலக்கத்தில், கோபத்தில், அதெல்லாம் கழன்று விழுந்துவிட்டது. இடுப்பில் கைவைத்து, கண்ணை உருட்டி, என் சர்க்கரையில் ஆரம்பித்து, என் அம்மா வளர்த்த வளர்ப்பு வழியாக, எங்கள் ஊர்ப் பெருமாளையும் சாட்சிக்கு இழுத்து, மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு வயதுக்காரன் வாய் நிறைய முறுக்குத் துணுக்கோடு நின்றேன்.

அறைக்கதவு ஒருக்களித்துத் திறந்தது. இடுக்கில் இரண்டு தலைகள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றாள் மகள், கிசுகிசுப்பாக.

"தெரியல," என்றான் தம்பி. "கதவைச் சாத்து."